சேலை கிழித்த கார்

ஜீவராணி கார் வாங்கிய கதையைக் கேட்டால் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். லொத்தர்ச் சீட்டில் விழுந்தது என்பான் ஒருத்தன். குவைத்துக்காரி அழுது அழுது அள்ளிக்கொடுத்தாள் என்பாள் இன்னொருத்தி. எதையும் நம்பாதீர்கள். குவைத்தில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் வருடக்கணக்காக நின்று, கால் வீங்கி, வாய் செத்துப்போய்த் திரும்பி வந்தவள் அவள். அந்த உழைப்பில்தான் வந்தது கார்.

வந்த கையோடு ஊரே அவளுக்கு யோசனை சொன்னது. கூரைத் தகரத்தை மாத்து. கொட்டகலை பஜாரில் ஒரு கடை எடு. புருஷன் சுதாகரன் பாவம், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெசினோடு மல்லுக்கட்டுகிறான், அவனுக்கு ஒரு த்ரீவீல் எடுத்துக்கொடு. எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டினாள் ஜீவராணி. பிறகு யாருக்கும் சொல்லாமல் ஹட்டனுக்குப் போய்க் கார் ஓட்டப் பழகி, லைசனும் எடுத்து, ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஸ்டேசன் மாஸ்டர் வீட்டுக் கொட்டிலில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய ஒஸ்டின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு லயத்து வாசலில் வந்து இறங்கினாள்.

குங்கும நிறம். மொழுக்கென்ற முதுகு. முகப்பில், விளக்கைச் சுற்றி, கதவு ஓரத்தில், ஜன்னல் விளிம்பில், கைப்பிடியில் என்று எங்கு பார்த்தாலும் குரோம். சூரியன் பட்டால் கண் கூசும். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவர்கள் வாயடைத்துத்தான் போனார்கள். அப்புறம்தான் வாய் திறந்தது.

“ஏம்புள்ள, இது ஓடுமா, இல்ல நாங்க எல்லாம் சேந்து தள்ளணுமா?”

“நீங்க தள்ள வேணாங்க, வழியவிட்டு நில்லுங்க போதும்” என்றாள் ஜீவராணி.

எதற்காக அந்தக் கார் என்பதைச் சுதாகரனிடம் மட்டும்தான் சொன்னாள். அவளுடைய கல்யாணத்தன்று அவளைக் கோயிலுக்கு ஏற்றிப்போனது தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி. முந்தின நாள் கொழுந்தின் ஈரம்கூடக் காயவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு, மணப்பெண் நின்றபடியே போனாள். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அது நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. கொழுந்து மூட்டை போகிற வண்டியில் இனி இந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் தாலி கட்டிக்கொள்ளப் போகக்கூடாது என்று குவைத்துச் சமையலறையில் நின்று முடிவு செய்தவள் அவள். கார் அதற்குத்தான்.

அப்படியே நடந்தது. முதலில் பள்ளத்தில் இருக்கிற பணிய லயத்தில் ஒரு பெண், பிறகு அடுத்த டிவிசன், பிறகு பொகவந்தலாவைப் பக்கம், பத்தனைப் பக்கம். ஜீவராணி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, மணப்பெண்ணைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அந்த வளைவுகளில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிப் போவாள். லயத்து வாசலில் இருந்து பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காரில் ஏற்றிவிடுகிறவள் வேலாயி. கொழுந்து எடுக்கிறவள்தான், ஆனால் தோட்டத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். வேலாயி கைபிடித்து ஏற்றிவிட்ட பெண் வாழாமல் திரும்பியதில்லை என்பார்கள். அவளுடைய கையும் ஜீவராணியுடைய காரும் சேர்ந்தால்தான் கல்யாணம் என்று ஆகிப்போனது.

காரை ஜீவராணி எப்படி வைத்திருந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் சாமி விளக்கைத் துலக்குவாள். விளக்குத் துலக்கிய கையோடு காருக்கு வந்துவிடுவாள். அதே புளிக்கரைசல், அதே செங்கல் தூள், அதே தேங்காய் நார். முகப்பு, கைப்பிடி, விளிம்பு ஒன்றையும் விடமாட்டாள். மினுக்குகிற சாமான் எதுவானாலும் புளி போட்டால் இன்னும் மினுக்கும் என்பது அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் தெரிந்த விசயம். அதில் யாரைக் கேட்க என்ன இருக்கிறது? தேய்த்துக் கழுவிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் குரோம் பளபள என்று சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

சில வருடத்தில் குரோமில் புள்ளி புள்ளியாய் மங்கல் விழுந்தது. பனியும் மழையும் படுகிற இடம், அழுக்கு என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் புளி, இன்னும் கொஞ்சம் அழுத்தம். புள்ளி கொப்புளமாயிற்று. கொப்புளம் உடைந்து, பூச்சு அங்கங்கே செதில் செதிலாய்ப் பெயர்ந்து நின்றது. அந்தச் செதிலின் ஓரம் பிளேடை விடக் கூர்மை. அது அவளுக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

நிஷாந்தியின் கல்யாணத்தில் அது தெரிந்தது.

நிஷாந்தி வேலாயிக்கு அண்ணன் மகள். தூக்கி வளர்த்த பிள்ளை. கொட்டகலைக் கோயில் மண்டபத்தில் தாலி ஏறி, மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வருகிறார்கள். மேளம் வெளுத்து வாங்குகிறது. வேலாயி அண்ணன் மகளின் கையைப் பிடித்து அழைத்துவந்து, கார்க் கதவைத் திறந்து, “வலது கால வச்சு ஏறும்மா” என்கிறாள். நிஷாந்தி காலைத் தூக்கி வைத்தாள். சர்ரென்று ஒரு சத்தம்.

கூறைச்சேலை. முழங்காலில் இருந்து கரை வரைக்கும் கிழிந்து, ஒரு துண்டு கதவு ஓரத்துக் குரோமில் மாட்டிக்கொண்டு தொங்கியது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயில் இருந்து எடுத்துவிட்டார். 

“ஐயோ, தாலி ஏறின சூடு கூட ஆறலயே!” என்று வேலாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “கூறை கிழிஞ்சிருச்சே! என் கையால ஏத்திவிட்டு இப்பிடி ஆயிருச்சே! அடியே ஜீவராணி, கல்யாணக் காராடி இது? சேல கிழிக்கிற காரு!”

ஜீவராணி ஓடிவந்து அந்தத் துண்டை எடுக்கப் போனாள். வேலாயி அவள் கையைத் தட்டிவிட்டாள். “தொடாத. இனிமே ஒரு பொண்ணையும் என் கையால இதுல ஏத்த மாட்டேன்.”

நிஷாந்தி தங்கமான பிள்ளை. அடுத்த வாரம் ஜீவராணி அழுதுகொண்டு போய் நின்றபோது, “விடுங்கக்கா, தச்சிட்டேன், தெரியவே தெரியாது” என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். ஆனால் ஊர் விடவில்லை. சேலை கிழித்த கார் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பேசிவைத்திருந்த கல்யாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கார் ஏறினால் மயக்கம் என்றார்கள். அந்தப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் ஹட்டனுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள். வேலாயி வேண்டாம் என்று சொன்ன காரில் எந்தத் தாய் தன் மகளை ஏற்றுவாள்?

நழுவியது எல்லாம் தர்ஷன் கையில் போய் விழுந்தது. தர்ஷன் பஜாரில் வாடகைக்கார் ஓட்டுகிற இளந்தாரி. வெள்ளை ஜப்பான் கார், உள்ளே ஏசி, பாட்டு. ஒருநாள் பெற்றோல் அடிக்கிற செட்டில் ஜீவராணியைப் பார்த்துவிட்டு, “அக்கா, பழைய இரும்புக்காரன் நாளைக்கி வாறானாம், உங்க வீட்டுக்கு அனுப்பவா?” என்று கேட்டான்.

“அனுப்பு தம்பி. ஒன் காரையும் காட்டுறேன். பம்பரத் தட்டிப் பாத்துட்டு, பிளாஸ்டிக்கு வாங்கிறதில்லன்னு போயிருவான்” என்றாள். வாய் என்னவோ பேசிவிட்டது. அடிக்க வந்த பெற்றோலை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஹட்டனில் டிங்கரிங் வேலை பார்க்கிற நிரஞ்சன் பாஸிடம் காரைக் கொண்டுபோனாள். அவர் பெயர்ந்து நின்ற இடத்தை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, “இத எதுல தேச்சீங்க?” என்று கேட்டார்.

“புளியிலதாங்க. வேற எதுல தேப்பாங்க?”

“புளியிலயா!”

“செங்கத்தூளும் போட்டு. வெள்ளிக்கிழம தவறாம.”

நிரஞ்சன் பாஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். ஜீவராணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கோவிக்காதீங்கக்கா. என் வீட்டுக்காரி கையில குடுத்திருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பா. குத்துவெளக்கு முழுக்கப் பித்தள, எவ்வளவு தேச்சாலும் பித்தளதான் வரும். குரோம் அப்பிடி இல்ல. அது மேல இருக்கிற பூச்சு, வெங்காயத் தோல விட மெல்லிசு. செங்கத்தூளு அதச் சொரண்டிருச்சு, சொரண்டின வழியா புளி உள்ள எறங்கிருச்சு.”

தான் கொஞ்சிக் கொஞ்சித் தேய்த்தது எல்லாம் காரைக் கொன்ற வேலை என்று கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி குரோம் பூசலாமா என்று கேட்டாள். கொழும்பில் பூசுகிறவர்களிடம் பாஸே கேட்டுப் பார்த்தார். வளைவும் நெளிவுமாய் மெல்லிசான பழைய சாமான், இத்தனை பள்ளம் விழுந்திருந்தால் பொறுப்பேற்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். புதிதாய் வாங்கலாம் என்றால் அந்தக் காருக்குச் சாமான் இந்தத் தீவிலேயே இல்லை.

கடைசியில் வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டிய அன்று நன்றாகத்தான் இருந்தது. பெண் பெரியவளான ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள். பாதி வழியில் மழை. கொட்டகலை மழையைப் பற்றிச் சொல்லவேண்டுமா? பஜாருக்கு வந்து சேரும்போது ஸ்டிக்கர் நீள நீளமாய் உரிந்து, காருக்குப் பின்னால் வால் வாலாகப் பறந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற சனம் கைதட்டிச் சிரித்தது. காருக்குள் இருந்த சடங்குப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மிச்ச ஸ்டிக்கரையும் பிய்த்து எறிந்துவிட்டு ஜீவராணி வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். குவைத்தில் இருந்த காலத்தில்கூட அப்படி அழுததில்லை. சுதாகரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதிகம் பேசத் தெரியாத ஆள்.

“வித்துருவோமா புள்ள?”

“வித்தா சேல கிழிச்ச காருன்ற பேரோடதான் போகும்” என்றாள். “இதுல இன்னொரு பொண்ணு ஏறணுங்க. ஏறாம நான் இத விக்கமாட்டேன். வேலாயி அக்கா கையால ஏறணும்.”

மறுநாள் உப்புத்தாள் வாங்கி வந்தாள். பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. அழகு போனால் போகட்டும், இனி யார் துணியும் மாட்டக்கூடாது, அந்தக் கூர் எல்லாவற்றையும் மழுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நிஷாந்தியின் சேலையைக் கிழித்த கதவோரத்தில்தான் முதலில் கை வைத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். செதில் போயிற்று. பூச்சு லேசில் போகவில்லை. ஏற்கெனவே இருந்த ஆத்திரத்தில் விடாமல் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்கு அடியில் ஒரு மஞ்சள் தெரிந்தது.

துரு என்று நினைத்து இன்னும் தேய்த்தாள். துரு என்றால் சிவக்கும், பொடியும். இது சிவக்கவில்லை. விரல் நீளத்துக்கு மஞ்சளாய் மின்னியது.

“இங்க வாங்களேன்! சீக்கிரம் வாங்க!”

சுதாகரன் வந்து குனிந்து பார்த்தான். ஸ்டோர் மெசின்களோடு காலம் தள்ளுகிறவன், உலோகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். நகத்தால் கீறிப் பார்த்தான். “பித்தள புள்ள” என்றான். “அடேயப்பா, பித்தளதான்!”

நிரஞ்சன் பாஸும் வந்து பார்த்து அதையே சொன்னார். முன்னும் பின்னும் இருக்கிற பம்பர் மட்டும் இரும்பு. மற்றபடி முகப்பு, விளக்கு வளையம், ஜன்னல் விளிம்பு, கதவோரம், கைப்பிடி எல்லாம் பித்தளையில் செய்து மேலே பூச்சுப் போட்டது. “பாதி பூச்ச நீங்களே புளி போட்டு எடுத்துட்டீங்க. மிச்சத்தையும் எடுத்துருங்கக்கா” என்றார். நேராக இருக்கிறதை மெசினில் போட்டுத் தருவதாகவும், வளைந்ததை மெசினில் போட்டால் நெளிந்துவிடும், கையால்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

வளைந்ததுதான் அதிகம்.

அந்த மழைக்காலம் முழுக்க ஜீவராணி உட்கார்ந்து தேய்த்தாள். சோறு பொங்குகிற நேரம் போக, தூங்குகிற நேரம் போக, தேய்ப்புத்தான். கரடுமுரடான தாள், பிறகு மெல்லிசு, பிறகு அதைவிட மெல்லிசு. ஒரு பக்கம் முடிந்தால் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள், எங்கேயாவது நெருடினால் மறுபடியும் முதலில் இருந்து. மலைக்குப் போகிற பெண்கள் காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும்போதும் அவள் தேய்த்துக்கொண்டிருப்பாள், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போதும் தேய்த்துக்கொண்டிருப்பாள். “இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள். பம்பர் இரண்டுக்கும் பாஸ் குங்கும நிறமே அடித்துக் கொடுத்தார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கோயில் விளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் மலையில் இருந்து விழுகிற பீலித் தண்ணீருக்குக் கொண்டுவந்து துலக்குவது வழக்கம். அந்தக் கூட்டத்துக்குள் ஜீவராணி ஒரு சாக்கு நிறையச் சாமானோடு வந்து இறங்கினாள். முகப்பு, வளையம், கைப்பிடி, விளிம்பு எல்லாம் கல்லில் பரப்பினாள்.

“என்னாடி இது, ஒங்காருக்குமா திருவிழா?” என்று ஒரே சிரிப்பு.

“ஆமா. பித்தளக்காரி வந்திருக்கேன், புளி இருந்தா கொஞ்சம் குடுங்கடி” என்றாள்.

“மறுபடியும் புளியா! ஆத்தாடி!”

“இப்ப போடலாம். இப்ப எவ்வளவு வேணும்னாலும் போடலாம்!”

சிரித்த வாயோடு ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்து வேலை அப்படித்தான், ஒருத்தி தேயிலை நிரையில் பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி எட்டிப் பறித்துப் போட்டுவிட்டுப் போவாள். பீலித் தண்ணீரில் கழுவி வைத்தபோது கோயில் விளக்குக்கும் கார்ச் சாமானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேலாயியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கோயில் மணியை மட்டும் துலக்கினாள். ஜீவராணி பக்கம் திரும்பவே இல்லை.

திருவிழாவன்று கார் பூசைக்கு வந்தது. குங்கும நிற உடம்பில் சுற்றிலும் பொன் கட்டினது போல் பித்தளை. ஹட்டன் ரோட்டில் போன டூரிஸ்ட் வேன்காரன் வேனை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்தான். நிரஞ்சன் பாஸ் தன்னுடைய சொந்தக் கார் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். பணிய லயத்துத் தனுஜா, ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் நிச்சயமான பெண், காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“ஜீவராணி அக்கா, எனக்கு இந்தக் காருதான் வேணும்.”

“வேலாயி அக்கா சம்மதிக்கணுமே தாயி.”

“நான்தானே ஏறப்போறேன்? வந்துருங்க நீங்க.”

தனுஜாவின் அப்பாவுக்குப் பயம். மகளுக்காக ஜீவராணியிடம் பேசிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தர்ஷனையும் சொந்தக்காரர்களை ஏற்றிப்போக வரச்சொல்லிவிட்டார். கல்யாணக் காலை இரண்டு காரும் லயத்து வாசலில் நின்றன. முன்னால் ஜீவராணி, பின்னால் தர்ஷன். தர்ஷன் வெள்ளைக் காரின் கதவைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், வேலாயி என்ன சொல்லப்போகிறாள் என்று.

வேலாயி தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குங்கும நிறக் காரைப் பார்த்ததும் நின்றாள்.

“இதுல நான் ஏத்தமாட்டேன். தர்ஷன், நீ முன்னுக்கு எடு.”

“அத்த...” என்று தனுஜா ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. மினுக்கினா போதுமா? அன்னைக்கும் மினுக்கத்தான் செஞ்சிச்சு.”

அது நியாயமான பேச்சு. ஜீவராணிக்கே அது நியாயம் என்று பட்டது. அவள் காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அவளுடைய கூறைச்சேலை. கொழுந்து லொறியில் போய்க் கட்டிக்கொண்டு வந்த அதே கூறை. அதற்குப் பிறகு அவள் அதைக் கட்டியதே இல்லை.

“என்ன பண்ணுற நீ?” என்றான் சுதாகரன். அவனுக்கே அது தெரியாது.

“அக்கா, பாருங்க” என்றாள் ஜீவராணி. சேலையை விரித்து, காரின் முகப்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி இழுத்தாள். பட்டுக்கு ஒரு சின்னச் செதில் போதும், இழை கிளம்பிவிடும், பிறகு எந்தத் தையல்காரனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வாசலில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருத்தி “ஐயோ, போயும் போயும் கூறையவா!” என்று வாயைப் பொத்தினாள்.

முகப்பில் வழுக்கிக்கொண்டு போயிற்று. விளக்கு வளையத்தில் சுற்றினாள், ஒன்றும் இல்லை. கைப்பிடிக்குள் நுழைத்து இழுத்தாள், வந்துவிட்டது. ஜன்னல் விளிம்பு, போயிற்று. நிஷாந்தி ஏறிய அந்தக் கதவைத் திறந்து, அந்த ஓரத்தில், அழுத்தி அழுத்தி, மேலும் கீழும் திரும்பத் திரும்ப இழுத்தாள். பட்டு தண்ணீராய் ஓடியது. கூட்டம் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது. மறுபக்கம் சுற்றி, பின் விளக்குக்கு வந்தாள்.

சரக்.

சேலை நின்றுவிட்டது. இழுத்தாள், வரவில்லை. ஒரு பொன்னிழை விறைத்துக்கொண்டு நின்றது.

“பாத்தியா!” என்று வேலாயி பெண்ணின் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தாள். “நான் சொன்னேன்ல! எங்க மாட்டியிருக்கு, காட்டு!” குனிந்து பின்விளக்கின் பித்தளை வளையத்தைத் தடவினாள். வழவழ என்று இருந்தது. அடிப்பக்கம் தடவினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. சேலையை விலக்கிப் பார்த்தாள். பட்டு காரைத் தொடவே இல்லை, இழை ஜீவராணியின் ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்தது.

வேலாயி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனி எல்லாம் வெடித்து, தோல் உரிந்து, காய்த்து, மறுபடி வெடித்து, உப்புத்தாளே தோலாகிப்போனது போல் இருந்தது. இழை அந்த வெடிப்பு ஒன்றுக்குள் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலாயி அதை மெல்ல விடுவிக்கப் பார்த்தாள். விட்டது. விட்ட இழை வேலாயியின் பெருவிரலில் போய் ஒட்டிக்கொண்டது.

கொழுந்துக் கறை கறுத்து, கோடு கோடாய் வெடித்த பெருவிரல். அவள் கையை உதறினாள், இழை விடவில்லை.



“எனக்கும் இப்பிடித்தான் புள்ள” என்றாள் வேலாயி. “பட்டு கட்டினா கை பட்ட எடமெல்லாம் நூலு கெளம்பும். அதனாலதான் நான் கல்யாணத்துக்கெல்லாம் சேலையத் தொடாம, பொண்ணுக் கைய மட்டும் புடிச்சுக்கிட்டு வாறது. நீ எவ்வளவு தேச்சிருக்க, ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க கேப்பீங்களாக்கா?”

“கேட்டிருக்கமாட்டேன்” என்றாள் வேலாயி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள். “ஏய் தனுஜா, என்னா மரம் மாதிரி நிக்கிற? வா இங்க. ஜீவராணி, கதவத் தொற.”

ஜீவராணி கதவைத் திறந்தாள். வேலாயி தனுஜாவின் கையைப் பிடித்து, “வலது கால வச்சு ஏறும்மா” என்றாள். தனுஜா ஏறினாள். வேலாயியும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்:

“மேளக்காரங்களா, தூங்குறீங்களா? அடிங்க! பொண்ணு ஏறியாச்சு!”